தலைகீழாக நின்ற சிவப்பு கிளிப்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். வலைக்கயிறு இழுத்துத் தடித்துப்போன விரல்களில் பேனா நிற்க மறுக்கிறது. எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த ஒரு நாளை எழுதாமல் இருக்க முடியவில்லை. 

2013ஆம் ஆண்டு, ஜூலை மாதம், ஒரு சனிக்கிழமை. குளச்சலில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. நானும் வேலை இல்லாமல் வீட்டில்தான் இருந்தேன். வெளியே விடாத மழை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பேசாதவன். படகில் பத்துப் பேர் இருந்தால் ஒன்பது பேர் பேசுவார்கள். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவேன். சோறு கேட்க வெட்கப்பட்டுப் பாதி வயிற்றோடு எழுந்திருப்பேன். வீட்டு விஷயம் எதுவானாலும் என் மனைவியும் அவளுடைய அண்ணனும் பேசி முடிப்பார்கள். மச்சானுக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் மீன் வியாபாரம். வாய் உள்ளவர், நாலு பேரைத் தெரிந்தவர். என்னை அளியா என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசினால் நான் தலையாட்டுவேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் ஒரு காரியம் முடிவாகாமல் இருந்தது. என் மகள் இன்ஜினியரிங் முடித்திருந்தாள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் அவள் சொல்ல வேண்டும். மச்சானோ கத்தாரில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருவதாகப் பேச்சு. அதை உறுதி செய்ய அன்று சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. "மாமா வரட்டு, அவரு செல்லுகது போல செய்யலாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தேன்.

காலையில் மகளைப் பார்க்கக் கல்லூரித் தோழர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி நாகர்கோவில் பெண். கண்ணாடி போட்டவள், நிதானமானவள். இன்னொருவன் புதுக்கடைப் பையன். வந்த நேரத்திலிருந்து வாயை மூடாதவன். மூன்றாவதாக வரவேண்டியவனுக்குக் காய்ச்சலாம். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தின்று முடித்த பிறகு அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு பகடையை எடுத்தாள். நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். அதற்கு இருபது பக்கம்! தாயம் ஆடுகிற பகடை எனக்குத் தெரியும். இப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை.

அவர்கள் ஹாஸ்டலில் ஆடிப் பழகிய விளையாட்டாம். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தி கதை சொல்வாள். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக மாறிக்கொள்வார்கள். நான் இன்னது செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பிறகு பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் செய்தது பலிக்கும், சின்ன எண் விழுந்தால் பலிக்காது. கதை சொல்பவள் நாகர்கோவில் பெண். அவளைத் தவிர ஆட மூன்று பேராவது வேண்டும். ஒரு ஆள் குறைந்தது.

"அப்பா, நீங்க வாங்க" என்றாள் மகள்.

எனக்கு வியர்த்துவிட்டது. "நான் என்னத்த மக்களே..."

"சும்மா இருந்தா போரும் அங்கிள்" என்று புதுக்கடைப் பையன் என் கையைப் பிடித்து இழுத்துப் பாயில் உட்கார வைத்துவிட்டான்.

காய்ச்சலில் படுத்தவனுடைய ஆள்தான் எனக்கு வந்தது. யார் தெரியுமா? ஒரு படைத்தலைவன்! ஏழடி உயரம், கையில் ஈட்டி, அவன் கத்தினால் மலையே அதிருமாம். கேட்டதும் என் மனைவி அடுக்களை வாசலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகள் எந்தச் சுவரிலும் ஏறும் திருடி. புதுக்கடைப் பையன் மந்திரவாதி.

கதை இதுதான். ஒரு கல்பூதம் ஊர்க்காரர்களை எல்லாம் மலைக்குகைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. குகைக்குள் ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தின் மேல் கயிற்றுப் பாலம். அக்கரையில் ஒரு மணி தொங்குகிறது. அதை அடித்தால் கதவு திறந்து ஊர்க்காரர்கள் தப்பிப்பார்கள்.

பூதம் எழுந்து வந்ததுதான் தாமதம், பையனும் மகளும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்கள். "நான் தீய விடுகேன்!" "நான் ஓடுகேன்!" "நீ ஓடாத, நான் முதல்ல!" சந்தையில் மத்தி வந்து இறங்கியது போல ஒரே இரைச்சல். நாகர்கோவில் பெண் இரண்டு கையையும் தட்டினாள்.

"நிறுத்துங்க. எல்லாரும் ஒண்ணிச்சு செய்தா பூதம் யாரை அடிக்கும்? முறை போடணும்."

மழைக்காக மனைவி கொடியிலிருந்து எடுத்து வந்த துணிகள் கட்டிலில் கிடந்தன. அதிலிருந்த கிளிப்புகளை அந்தப் பெண் எடுத்துக்கொண்டாள். எல்லாரையும் பகடை உருட்டச் சொன்னாள், பூதத்துக்கு அவளே உருட்டினாள். பெரிய எண் விழுந்தவர் முதலில், சின்ன எண் கடைசியில். ஒரு அட்டையின் விளிம்பில் வரிசையாகக் கிளிப்புகளைக் குத்தினாள். பையனுக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு, மகளுக்கு மஞ்சள், கடைசியில் பூதத்துக்கு நீலம். யார் முறையோ அந்தக் கிளிப்புக்கு நேராக ஒரு தீக்குச்சியை வைப்பாள். நீலம் முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது, மறுபடி பச்சையிலிருந்து. முறை வந்தவர் மட்டும்தான் பேசலாம். ஒரு முறைக்கு ஒரு காரியம்.

"எனக்க கிளிப்ப எடுத்து பூதத்துக்குக் குத்துகியளா? துணியை எதுல காயப்போட?" என்று மனைவி அதட்டினாள்.

"ஆன்ட்டி, ஊரு ஜனம் குகைக்குள்ள சாவுது, உங்களுக்குத் துணியா பெருசு?" என்றான் பையன்.

தீக்குச்சி என் சிவப்பு கிளிப்புக்கு நேராக வந்தது. "அங்கிள், பூதம் உங்க முன்னால நிக்கி. என்ன செய்யுதீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையனைப் பார்த்தேன். அவன் உடனே, "ஈட்டிய எறியுங்க அங்கிள்" என்றான். நான் தலையாட்டினேன். பகடையையும் அவனே எனக்காக உருட்டிவிட்டான். எண் நான்கு. ஈட்டி பூதத்தின் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் குத்தியது. அடுத்த முறையும் அப்படியே. நான் அவனைப் பார்க்க, அவன் சொல்ல, அவன் உருட்ட.

மகளின் முகம் விழுந்துவிட்டது. அவள் ஏன் அப்படி ஆனாள் என்று எனக்கும் தெரியும்.

மூன்றாவது தடவை பையன் வாயைத் திறந்ததும் நாகர்கோவில் பெண் பகடையைக் கையால் மூடினாள். "லேய், அவருக்க முறையில நீ பேசினா உனக்க அடுத்த முறை போவும். அங்கிள், நீங்க செல்லுங்க."

எனக்கு எப்படியாவது தப்பித்தால் போதும் என்றிருந்தது. "நான்... நான் பொறவு" என்றேன். பந்தியில், கூட்டத்தில், எல்லா இடத்திலும் நான் சொல்வது அதுதான். அதோடு ஆட்கள் என்னை விட்டுவிடுவார்கள்.

அவள் விடவில்லை. சிரிக்கவும் இல்லை. என் சிவப்பு கிளிப்பை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் குத்தினாள்.

"அதுக்கும் சட்டம் இருக்கு அங்கிள். பொறவுன்னு சொன்னா முறை போவாது. கையில இருக்கும். இந்தச் சுற்று முடியதுக்குள்ள எப்ப வேணும்னாலும், யாரு முறைக்கு நடுவுலயும் நீங்க உள்ள கேறலாம். ஆனா வாயைத் திறந்து நில்லுன்னு செல்லணும். நான் கேக்க மாட்டேன், கேட்டியளா? நான் குச்சிய நகத்திகிட்டே போவேன்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் "நான் பொறவு" என்றேன். கிளிப் தலைகீழாகத் திரும்பும். சுற்று முடியும். மறுபடி நேராகும். மறுபடி தலைகீழாகும்.

"படைத்தலைவரு பஸ்ஸுக்குக் காத்து நிக்காரு" என்றான் பையன்.

"மழை விட்டா பஸ்ஸு வரும்" என்று மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். அவளும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் ஒன்று நடந்தது. பேச வேண்டாம் என்றானதும் எனக்குக் கதை பிடிபட ஆரம்பித்தது. பையனின் தீ பட்டால் பூதத்துக்குக் கோபம்தான் வருகிறது. பாலத்தின் கயிறு நைந்திருக்கிறது. மகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். கரண்ட் போய் அறை இருட்டியது. செல்போன் வெளிச்சத்தை அட்டையில் அடித்துக்கொண்டு ஆட்டம் தொடர்ந்தது. எனக்குக் குகைக்குள் இருப்பது போலவே ஆகிவிட்டது. வெளியே பெய்த மழை அந்தப் பள்ளத்துக்குள் விழுவது போல இருந்தது.

அந்தச் சுற்றில் பையன் தீயை விட்டான், பலிக்கவில்லை. நான் "பொறவு" என்றேன். மகள் பாலத்தில் ஓடினாள். பதினாறு விழுந்தது! பாதிப் பாலம் தாண்டிவிட்டாள். தீக்குச்சி நீலக் கிளிப்புக்கு நகர்ந்தது. பூதத்தின் முறை.

"பூதம் கோடாலிய ஓங்குது. பாலத்துக்க கயித்துல போடுது." அவள் பகடையை உருட்டினாள். பத்தொன்பது. "கயிறு அறுந்தாச்சு. பாலம் தொங்குது. அவ கீழ விழுகா."

மகளின் கை வாய்க்குப் போனது. அவளுடைய முறை முடிந்துவிட்டது. பையனுடையதும் முடிந்துவிட்டது. நாகர்கோவில் பெண்ணின் விரல் தீக்குச்சியைத் தொட்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அவள்தான் சொல்லிவிட்டாளே, கேட்க மாட்டேன் என்று. மகளும் என்னைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். என் சிவப்பு கிளிப் தலைகீழாக நின்றது. குச்சி நகர்ந்தால் அவ்வளவுதான், சுற்று முடிந்தது.

"நில்லு!"

அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அடுக்களையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நான் முட்டிபோட்டு நிமிர்ந்திருந்தேன். சிவப்பு கிளிப்பை அட்டையிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தேன்.

"எனக்க முறை கையில இருக்கு! இன்னும் போவல்ல!"

நாகர்கோவில் பெண்ணின் கண்ணாடி பளபளத்தது. "ஆமா அங்கிள், இருக்கு. என்ன செய்யுதீங்க?"

"ஈட்டியத் தூரப் போடுகேன். கயித்தப் பிடிக்கேன். ரெண்டு கையாலயும். விட மாட்டேன்."

"பதினஞ்சு வேணும். உருட்டுங்க."

நானே உருட்டினேன். போட்ட வேகத்தில் பகடை பாயைத் தாண்டித் துள்ளி, பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது. எல்லாரும் தரையில் விழுந்து தேடினோம். மனைவி கரண்டியோடு ஓடிவந்து அவளும் குனிந்தாள். பையன் வயிறு தரையில் பட நீட்டிப் படுத்து, செல்போனை உள்ளே விட்டான்.

"தொடாத! தொடாம வாசி!" என்று கத்தினேன். நான்தான்!

"அங்கிள்... ஒண்ணு... ஏழு... பதினேழு! பதினேழு அங்கிள்!"

அந்த மாதிரி ஒரு சத்தத்தை எங்கள் வீடு அதற்கு முன் கேட்டதில்லை. மகள் குதித்தாள். பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். மனைவி கரண்டியை ஆட்டிக்கொண்டு, "பிடிச்சாரா? பிள்ளையைப் பிடிச்சாரா?" என்று கேட்டாள். நான் இரண்டு கையாலும் இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறையின் நடுவில் நின்றேன்.

வாசலில் குடையை மடக்கிக்கொண்டு மச்சான் நின்றார்.

"என்ன அளியா இது? தடைக்காலத்துல மூளைக்கும் தடை போட்டாச்சா?"

நான் கயிற்றை விட்டேன். நாகர்கோவில் பெண்ணும் பையனும் எழுந்து வெளியே நடையில் போய் நின்றுகொண்டார்கள். மகள் அடுக்களை வாசலில் நின்றாள். மனைவி சாயா கொண்டுவந்தாள். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து தங்கையிடம் பேச ஆரம்பித்தார்.

"நாளைக்குப் பூசை முடிஞ்ச உடனே அவிய வாறாவ. மாப்பிள்ளப் பையனுக்க அப்பா நல்ல மனுஷன். அந்தப் பெங்களூரு வேலைக்கு வரல்லன்னு திங்கக்கிழமை போன் பண்ணச் செல்லு. பிள்ளைய அவ்வளவு தூரம் விட்டுட்டு இங்க யாரு தீ திங்க?"

மனைவி சரி சரி என்றாள். நான் வழக்கம்போலச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மச்சான் கெட்டவர் இல்லை. என்னிடம் கேட்டால் பதில் வராது என்று பழகிப்போனவர். அப்போதுதான் என் உள்ளங்கையில் ஏதோ குத்தியது. சிவப்பு கிளிப். அதை நான் விடவே இல்லை.

மச்சான் சாயாவைக் குடித்து முடித்தார். குடையை எடுத்தார். "அப்ப நான் வாறேன்."

எனக்கு அந்தப் பெண்ணின் விரல் தீக்குச்சியைத் தொடுவது போலவே தெரிந்தது.

"மச்சான், நில்லுங்க."

கத்தவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. மச்சான் திரும்பினார். "என்ன அளியா, குடை வேணுமா?"

"நாளைக்கு அவிய வரண்டாம்."

"என்னது?"

"பிள்ளைக்கு வேலை கிடைச்சிருக்கு. அவ போவட்டு. கல்யாணம் பொறவு அவகிட்ட கேட்டுப் பேசலாம்."

மச்சான் தங்கையைப் பார்த்தார். "ஏட்டி, உனக்க மாப்பிள்ள செல்லுகது கேட்டியா?"

மனைவி காலிக் கிளாஸை வைத்துக்கொண்டு நின்றாள். "கேட்டுது அண்ணே. கெட்டி வந்த நாள்ல இருந்து இப்பதான் ஒரு காரியம் வேணும்னு வாயத் தொறந்து செல்லுகாரு. நான் என்னத்த எதுத்துச் செல்ல?"

"தாய்மாமன் நான் இருக்கும்போ இவரு தீருமானிக்காரா?"

"மாமன் நீங்கதான் மச்சான். நாளைக்கு அவளுக்க கல்யாணத்துல முன்னால நிக்கப்போறதும் நீங்கதான்" என்றேன். "ஆனா நான் அவளுக்க அப்பன்."

இத்தனை சொற்களை நான் அவரிடம் சேர்த்துப் பேசியதே இல்லை. அவர் மழையில் இறங்கிப் போனார். குடையை விரிக்கக்கூட இல்லை.

நடையிலிருந்து புதுக்கடைப் பையனின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுவதாக நினைத்து ஊருக்கே கேட்கும்படி சொன்னான்: "மக்கா, அங்கிள் இருபது போட்டுட்டாரு!" அவன் தலையில் ஒரு அடி விழும் சத்தமும் கேட்டது.

அன்று முழுவதும் அந்தப் பகடையில் ஒருவருக்கும் இருபது விழவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேசுவதில் அவளும் பாதி என்னைப் போலத்தான். இறுக மூடியிருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கிளிப்பை எடுத்து, என் சட்டைப் பையில் நேராகக் குத்திவிட்டாள். உள்ளங்கையில் அதன் பல் பதிந்து சிவந்திருந்தது.

மச்சான் கிறிஸ்துமஸ் வரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அது எனக்கு வருத்தம்தான். மனைவி இரண்டு தடவை அழுதாள். பிறகு கிறிஸ்துமஸ் அன்று அவரே வந்து நாற்காலியில் உட்கார்ந்து சாயா கேட்டார். அதற்குப் பிறகு எந்தக் காரியம் பேசினாலும் நடுவில் நிறுத்தி, "நீரு என்ன செல்லுதீரு அளியா?" என்று ஒரு வார்த்தை கேட்கிறார். பல நேரம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. மகள் பெங்களூரில்தான் இருக்கிறாள். பாதியில் நின்ற ஆட்டத்தில் அக்கரையில் தொங்கிய அந்த மணியை நாங்கள் மறு வருஷம் தடைக்காலத்தில்தான் அடித்தோம். அடித்தது என் மகள், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

இன்றும் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, பந்தியில் சோறு கேட்க இன்றும் வெட்கம்தான். ஆனால் பேசாமல் இருந்த அத்தனை காலமும் என் முறை போய்விடவில்லை, அது என் கையில்தான் இருந்தது, நில்லு என்று சொல்வதற்காக மட்டும் காத்திருந்தது என்று நினைக்கும்போது, சட்டைப் பையில் குத்திய அந்தச் சிவப்பு கிளிப்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

குளச்சல்,
9 ஜூலை 2017, ஞாயிற்றுக்கிழமை.